கிணற்றடியில் சீனப் பாடம்

வாவிக்கரையில் புதிதாகத் தொடங்கிய இறால் பண்ணையில் சீனப் பொறியியலாளர்களை ஏற்றியிறக்க ஒரு வான் சாரதி தேவைப்பட்டது. கொஞ்சம் சீனமொழி தெரிந்தால் நிரந்தர வேலை என்றார்கள். கல்யாணம் முடித்து ஆரையம்பதியில் மனைவியின் தாய்வீட்டோடு வந்து சேர்ந்த நாளிலிருந்து சகலனின் கடையில் சாக்கு இறக்குகிறவன் நான். சகலனிடம் சம்பளம் கேட்டு நிற்கிறவனுக்குத்தான் 'நிரந்தரம்' என்ற சொல்லின் ருசி தெரியும்.

போனில் முதலாம் பாடம், காலை வேலைகள். 'ச்சி ச்சுவாங்' என்றால் எழும்புதல். 'ஷுவா யா' பல் விளக்குதல். 'ஷி லியன்' முகம் கழுவுதல். வேலையைச் செய்துகொண்டே சத்தமாகச் சொல்லுங்கள், மனதில் நிற்கும் என்றாள் பாடம் நடத்துகிறவள். அவளுக்கென்ன, குழாயைத் திறந்தால் தண்ணீர்! எங்கள் வளவில் மூன்று வீட்டுக்கும் ஒரே கிணறு. மாமி குளித்து, சாமிக்குப் பூப்பறித்து முடியும்வரை மருமகன்மார் அந்தப் பக்கம் தலைவைப்பதில்லை. யாரும் போட்ட சட்டமில்லை. மீறத்தான் ஆளில்லை.

ஆக, 'ச்சி ச்சுவாங்' என்று கத்திவிட்டு நிற்பேன். பிரஷ்ஷில் பற்பசை காய்ந்துவிடும். என் முறை வரும்போது அடுத்த சொல் மறந்துபோயிருக்கும். எரிச்சலில் காத்திருப்பதற்கு என்ன சொல் என்று தேடினேன். 'டங்'. பாழாய்ப்போன அது ஒன்றுதான் மறக்கவேயில்லை.

வேலிக்கு அப்பால் நின்று சகலன் கேட்டான்: "என்ன மச்சான், சாமி கீமி வந்திட்டா?"

"பாடம் மச்சான்."

"பாடமா? கோழியெல்லாம் கூட்டை விட்டு இறங்கப் பயப்படுது."

மாமி என்னோடு நேரே பேசுவதில்லை. எனக்குக் கேட்கும்படி மகளிடம் சொன்னார்: "காய்ச்சலெண்டா டாக்குத்தரிட்டக் காட்டு புள்ள."

நேர்முகத் தேர்வில் சீன முகாமையாளர், பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பிள்ளை. காலையில் என்னென்ன செய்வீர்கள் என்று சீனத்தில் கேட்டார். பாடத்தில் இருந்தபடி சொன்னால் போதும். என் வாய் கிணற்றடியில் பழகியபடிதான் சொன்னது: எழும்புவேன், காத்திருப்பேன். பல் விளக்குவேன், காத்திருப்பேன். தேத்தண்ணி குடிப்பேன், காத்திருப்பேன்.

"ஏன் இவ்வளவு காத்திருக்கிறீங்க எண்டு கேக்கிறார்," என்றாள் அந்தப் பிள்ளை.

"கிணத்தில மாமி."

மொழிபெயர்த்ததும் மனிசன் மேசையில் தட்டிச் சிரித்தார். வேலை உண்டு, வானையும் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் காலை ஆறுமணிக்கு வான் பண்ணை வாசலில் நிற்க வேண்டும், காத்திருக்கிற கதையே கூடாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கெஞ்சினேன். "கிணத்த முந்தி எனக்குத் தரச் சொல்லி அம்மாட்டக் கேளன்."

"வேலை உங்களுக்குத்தானே? நீங்களே கேளுங்க."

குசினி அடுப்படியிலிருந்து மாமியின் குரல் வந்தது: "அவரை முந்திக் குளிக்கச் சொல்லு புள்ள. நான் பிறகு குளிக்கிறன்."

மறுநாள் விடிகாலை வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டுத் திரும்பினேன். குசினி வாசலில், தோளில் துவாயோடு, மாமி காத்துக்கொண்டு நிற்கிறார். மூன்று வாளி ஊற்றியதோடு ஓடிவந்து, ஒரு காதில் சவர்க்கார நுரையோடு வானை எடுத்தேன்.