விரிப்பின் மறுமுனை

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகள் தொலைபேசியில் அழைத்தாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரி விடுதிக்குப் போய் மூன்று வாரம்தான் ஆகிறது. சாப்பாடு, குளிர், விடுதியின் துணி தோய்க்கும் இயந்திரம் என்று எல்லாவற்றையும் குறை சொல்லி முடித்து, போனை வைக்கப் போகும் நேரத்தில் கேட்டாள்.

"அம்மா, ரலே எண்டா தமிழ்தானே?"

அவளும் அறைத்தோழியும் படுக்கைவிரிப்பு மடித்திருக்கிறார்கள். ஆளுக்கு இரண்டு முனை. இவள் எங்கள் வீட்டுப் பழக்கத்தில் "ரலே" என்றிருக்கிறாள், இழு என்ற அர்த்தத்தில். தோழியின் பெற்றோர் ஹெய்ட்டியிலிருந்து வந்தவர்கள். எங்கள் சொல் உனக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பிள்ளை கேட்க, இது தமிழ் என்று இவள் சண்டைக்குப் போயிருக்கிறாள். என் மகளுக்குத் தெரிந்த தமிழை ஒரு கொப்பியின் நாலு பக்கத்தில் எழுதிவிடலாம். அதில் ஒரு சொல்லுக்காக இப்படி மல்லுக்கு நின்றது எனக்குப் பெருமையாகவே இருந்திருக்கும், அது தமிழாக மட்டும் இருந்திருந்தால்.

"பேந்து கதைக்கிறன் பிள்ளை, அடுப்பில சோறு கிடக்குது" என்றேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

போனை வைத்ததும் குளோரின் வாசம் வந்தது. நம்பமாட்டீர்கள், ஆனால் வந்தது. குளோரினும் சுடச்சுடப் பருத்தித் துணியும் சேர்ந்த வாசம். பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் லாசால் பகுதியில் அப்போது ஒரு சலவை ஆலை இருந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். தோய்த்து, உருளை இஸ்திரியில் ஓட்டி, இருவர் இருவராக நின்று மடிக்க வேண்டும். இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருடம். நான் கல்யாணமாகி வந்த புதிது. என்னிடம் இருந்த பிரெஞ்சு இரண்டே சொல்: பொன்ஜூர், மெர்சி. அதை வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டலாம், ஒரு வேலையை ஓட்ட முடியாது.

என்னை ஒரு ஹெய்ட்டியப் பெண்மணியோடு சோடி சேர்த்தார்கள். ஐம்பது வயதை நெருங்கியவர். பெயர் இமாக்குலா. நான் மன்னார்க் கத்தோலிக்கப் பிள்ளை, பெயரைக் கேட்டதுமே பிடிபட்டுவிட்டது. மாசில்லாத மாதாவின் பெயர், எங்கள் அமலோற்பவம் அல்லவா! எங்கள் கோயிலில் பெண்கள் பக்கத்து வாங்குகளில் எப்படியும் நாலைந்து அமலோற்பவங்கள் இருப்பார்கள். முதல் நாளே அவரை "அமலோற்பவம் அக்கா" என்று கூப்பிட்டேன். அவருடைய நாக்கு "அமலோ"வோடு நின்றுவிட்டது. தோழியைக் கூப்பிட எங்கள் பாஷையில் உள்ள சொல் அது என்று நினைத்துக்கொண்டு, திருப்பி என்னையே "அமலோ" என்று கூப்பிடத் தொடங்கினார். நான் திருத்தவில்லை.

விரிப்பு மடிப்பதில் ஒரு வினோதம் உண்டு. துணியை உயர்த்தும்போது எதிரே நிற்பவர் மறைந்துபோவார். குரல் மட்டும் வரும். ரலே, இழு. கெம்பே, பிடி. ப்ளியே, மடி. பிறகு இருவரும் நடந்து கிட்ட வருவோம். துணிக்கு மேலே முதலில் நெற்றி தெரியும், பிறகு கண், பிறகு சிரிப்பு. கடைசியில் "லகே" என்பார், விடு என்று. என் முனைகளை அவர் கையில் வைத்துவிட்டு நான் அடுத்த விரிப்புக்குத் திரும்புவேன். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தரம் அந்த முகம் மறைந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. இப்போது மெட்ரோவில் யாராவது ஒரு கறுப்பினப் பெண்மணி செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் விரித்துவிட்டால், அது தாழும்வரை எனக்கு மூச்சு வராது.

வேலைச் சொற்களிலிருந்து கதை பிறந்தது. எட்டு மாதத்தில் நான் அவரோடு சரளமாக அலட்டினேன். மாம்பழத்துக்காகச் சண்டை பிடித்தோம். அவருடைய ஊரான ஜக்மெல்லில் காய்ப்பதுதான் மாம்பழம் என்பார் அவர். எங்கள் ஊர்க் கறுத்தக்கொழும்பான் வாயில் படாமல் சாகப்போகிறீர்களே என்பேன் நான். ஒரு நாள் கடையில் ஒரு மாம்பழம் வாங்கி வந்து ஆளுக்குப் பாதி தின்றோம். அது எந்த நாட்டுப் பழமோ, தண்ணியில் நனைத்த பஞ்சு. இருவரும் கையைக் கழுவிக்கொண்டு விரிப்புப் பக்கம் போனோம்.

வீட்டில் நான் இவ்வளவு வாயாடி இல்லை. கணவரின் தமக்கை, என் மச்சாள், யாழ்ப்பாணத்து ஆள். நான் வாய் திறந்தால் சிரிப்பார். "இதென்ன மன்னார்க் கதை? நாளைக்குப் பிள்ளை பிறந்தா அதுவும் இப்பிடித்தான் கதைக்கப்போகுது" என்றார் ஒரு முறை. அதற்குப் பிறகு அங்கே ஓம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சேர்த்து வைத்த பேச்செல்லாம் ஆலையில்தான் கொட்டியது.

ஒரு விஷயம் மட்டும் கண்ணில் பட்டது. மூன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அமலோற்பவம் அக்காவின் மகள் நதேஜ், ஆலைச் சுவரில் இருந்த தொலைபேசிக்கு அழைப்பாள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை. போனை எடுத்ததும் அக்காவின் முதுகு நிமிரும். குரல் மெலிந்து, வானொலிச் செய்தி வாசிப்பவரைப்போல வேறொரு பேச்சு வரும். எனக்கு அதில் அரைவாசி விளங்காது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நமக்கு எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இருப்பதுபோல இவர்களுக்கும் இரண்டு பிரெஞ்சு என்று! என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

"மகளோட ஏன் வேற மாதிரிக் கதைக்கிறீங்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது வீட்டுக்கு."

"இது?"

"இது எனக்கு" என்றார்.

வீட்டில் எழுத்துத் தமிழும் வெளியில் பேச்சுத் தமிழும் பேசுகிற மனிதர் உலகத்தில் உண்டா? எல்லாம் தலைகீழாக இருக்கிறதே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். "பள்ளிக்கூடத்தில இதைக் கதைச்சா எங்களை முழங்காலில நிப்பாட்டுவினம்" என்றும் ஒரு நாள் சொன்னார். வகுப்பில் அலட்டியதற்குத் தண்டனை என்று நினைத்து, "எனக்கும் அப்பிடித்தான்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வசந்தத்தில் மாலை நேரப் பிரெஞ்சு வகுப்பில் சேரப் போனேன். எந்த வகுப்பில் போடுவதென்று பார்க்க ஓர் அதிகாரி நேரில் பேசிப் பார்ப்பார். எனக்கென்ன பயம்? எங்கே இருக்கிறேன், யாரோடு இருக்கிறேன், என்ன வேலை என்று மூச்சு விடாமல் பொழிந்தேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். பின்னால் வரிசையில் நின்ற சிலர் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். "மதாம், இது பிரெஞ்சு இல்லை. கிரெயோல். ஹெய்ட்டிக்காரர் வீட்டில் பேசுவது" என்றார் அவர், நல்ல மனிதர், மெதுவாகத்தான் சொன்னார். அகரத்திலிருந்து தொடங்கும் வகுப்பில் என் பெயரை எழுதினார்கள். வீடு வரும்வரை என் காது எரிந்தது.

மறுநாள் ஆலைச் சாப்பாட்டு அறையில் எல்லோரும் இருக்கும்போது அமலோற்பவம் அக்காவைப் பிடித்தேன். "ஒரு வருசமா என்னை ஏமாத்தியிருக்கிறீங்கள். இது பாஷையே இல்லை. உடைஞ்ச பிரெஞ்சு" என்று கத்தினேன். இதில் கொடுமை என்னவென்றால், இதையெல்லாம் நான் கிரெயோலில்தான் சொன்னேன். எனக்கு வேறு என்ன தெரியும்? அவர் கற்றுத் தந்த சொற்களை எடுத்து, அவர் கற்றுத் தந்த உச்சரிப்போடு, அவருடைய ஆட்களின் முன்னால் அவர்மேல் எறிந்தேன். மன்னார்க் கதை என்று மச்சாள் சிரித்தபோது எனக்கு வலித்த அதே இடத்தில்தான் அவருக்கும் வலித்திருக்கும். அது எனக்குத் தெரியாமல் இல்லை.

அவர் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். மணி அடித்ததும் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். துணி உயர்ந்து முகம் மறைந்தது. மறைவிலிருந்து அந்த வானொலிக் குரல் வந்தது.

"திரே, மதாம்." இழுங்கள், அம்மணி. சுத்தமான பிரெஞ்சு.

அன்றிலிருந்து என்னோடு அவர் ஒரு கிரெயோல் சொல் பேசவில்லை. அமலோ போய் நான் மதாம் ஆனேன். கேட்டதற்குப் பதில், அதுவும் முழு வாக்கியத்தில், மரியாதைப் பன்மையில். அந்தத் தண்டனையால் என் பிரெஞ்சு நன்றாகவே முன்னேறியது. வெட்கக்கேடு. நான் கர்ப்பமான பிறகு ஈரத் துணி வண்டியைத் தொடவே விடமாட்டார். "விடுங்கள் மதாம், நான் தள்ளுகிறேன்" என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு தள்ளுவார். மன்னிப்புக் கேட்க எனக்கு ஐந்து மாதம் இருந்தது. ஏழாம் மாதம் வேலையை விட்ட அன்று கடைசி விரிப்பை மடித்து, நடந்து கிட்ட வந்தோம். நெற்றி, கண். "லாஷே, மதாம்" என்றார். விடுங்கள். விட்டேன்.

பிறகு மகள் பிறந்தாள். எனக்கு ஒரு கார்தெரியில் குழந்தை பார்க்கும் வேலை கிடைத்தது, அதற்குப் பிரெஞ்சு முக்கியம். மகள் நடக்கத் தொடங்கியதும் விரிப்பின் மறுமுனையை அவள் கையில் கொடுத்தேன். அந்தச் சொற்கள் என்னைக் கேளாமல் வாயில் வந்தன. ரலே, கெம்பே, ப்ளியே. நாலாவது மட்டும் வரவில்லை. முடிந்ததும் பேசாமல் அவள் கையிலிருந்து வாங்கிக்கொள்வேன்.

மகளுக்கு ஆறு வயதானபோது, பழைய ஆலைக்காரி ஒருத்தி சொல்லி, இமாக்குலா இறந்த செய்தி வந்தது. உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்துக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது கிரெயோலில் ஒரு மன்னிப்பு வாக்கியத்தைக் கட்டிப் பார்த்தேன். வாக்கியம் பாதியிலேயே பிரெஞ்சுக்குள் விழுந்தது. திரும்பத் திரும்ப அப்படியே விழுந்தது.

வாசலில் நதேஜ் கறுப்பு உடுப்பில் நின்றாள். தாய் விரும்பியபடியே வளர்ந்திருந்தாள், பேச்சில் ஒரு மடிப்புச் சுருக்கம் இல்லை. நான் ஆலையில் கூட வேலை செய்தவள் என்றதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசி மாதங்களில் அம்மாவுக்கு நினைவு தப்பி, பிரெஞ்சு முழுக்கப் போய்விட்டது, மதாம். கிரெயோல் மட்டும்தான். எனக்கு அது சரியாக விளங்காது. என்னைப் பேச விடாதவரே அவர்தான். ரலே, ரலே என்பார். இழு என்று அர்த்தமாம், பராமரித்த பெண்கள் சொன்னார்கள். போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடுவோம். அம்மாவுக்குக் கோபம் வரும். இரண்டு முனைகளையும் பிடித்து இப்படி எங்கள் பக்கம் நீட்டிக்கொண்டே இருப்பார்."

அவள் வெறும் கைகளை நீட்டிக் காட்டினாள்.

"மடிக்க நின்றிருக்கிறார்" என்றேன். "யாராவது மற்ற முனையைப் பிடித்திருக்க வேண்டும்."

நதேஜ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கேட்டாள்: "இன்னொரு சொல்லும் சொல்வார். ரலே, அமலோ என்பார். அமலோ என்று கிரெயோலில் ஒன்றும் இல்லை என்று அந்தப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அது தமிழ் என்றேன். அவள் அடுத்ததைக் கேட்குமுன் உள்ளே போனேன். அவருடைய கைகளில் செபமாலை சுற்றியிருந்தது. மண்டபம் முழுக்கத் தாழ்ந்த குரலில் பிரெஞ்சு. நான் குனிந்து மன்னிப்புக் கேட்டேன், பிரெஞ்சில், மரியாதைப் பன்மையில். அதுதான் வந்தது.

அந்த ஆலை இப்போது இல்லை. அந்த இடத்தில் பால்கனி வைத்த வீடுகள் எழுந்துவிட்டன, பால்கனிகளில் யாரும் துணி காயப்போடுவதில்லை. விரிப்புகளுக்கு நாலு மூலையிலும் இலாஸ்டிக் வந்துவிட்டது. என்னுடைய கிரெயோலில் மிஞ்சியது நாலு சொல், அதில் மூன்று என் வீட்டில் தமிழாகிவிட்டது.

நேற்று மகளை நானே அழைத்தேன்.

"அது தமிழ் இல்லை பிள்ளை. கிரெயோல். அதுவும் ஒரு பாஷை. உன்ர தோழியிட்டச் சொல்லு, அவள் சொன்னதுதான் சரி."

"ஐயோ அம்மா, நான் எவ்வளவு சண்டை பிடிச்சனான்! சரி, ரலே எண்டா இழு. அப்ப விடு எண்டுறதுக்கு என்ன?"

"மறந்துபோச்சு" என்றேன்.