பாட்டின் நடுவே ஒப்பாரி

ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய ரெய்னர்ஸ் லேனில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பாடகி இருந்தார். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தவர். அவர்கள் துருக்கிக்குக் கொண்டுபோன பழைய ஸ்பானியப் பாட்டுகளை ஆப்பிரிக்க மேளமும் மின்கித்தாரும் சேர்த்துப் புதிதாகப் பாடினார். அம்மாவுக்கு அது வெறும் சத்தம். பத்து வயதான எனக்குப் பிடித்திருந்தது.

கடலுக்குப் போய்த் திரும்பாத மகனை நினைத்துத் தாய் பாடும் பாட்டு ஒன்றை அப்போது அவர் பதிவுசெய்துகொண்டிருந்தார். அதன் நடுவே வேறு மொழியில் ஓர் அழுகைப் பாட்டு வேண்டும் என்றார். முந்தைய மாதம் சட்டன் என்ற இடத்தில் ஒரு செத்தவீட்டில் எங்கள் பெரியம்மா ஒப்பாரி சொன்னபோது, பெட்டியைத் தூக்க வந்த வெள்ளைக்காரர்கூட அசையாமல் நின்றுவிட்டார் என்று நான்தான் பெருமையடித்தேன். அப்படியானால் அவரைக் கூட்டிவா என்றார் பாடகி.

பெரியம்மா எங்களோடு வசித்தார். அவருடைய மகனை, என் அண்ணையை, ஊரில் நடந்த போரின் கடைசி மாதங்களுக்குப் பிறகு யாரும் காணவில்லை.

“அந்தப் பாட்டில மகன் செத்துப்போனானாமோ?” என்று பெரியம்மா கேட்டார்.

“அப்பிடி இல்லை. திரும்பி வரேல்லை, அவ்வளவுதான்.”

களைந்த அரிசியையே மறுபடியும் களைந்தார். பிறகு, “ஓம், வாறன்” என்றார்.

சனிக்கிழமை பாடகியின் முன்னறையில், சத்தம் புகாதபடி ஜன்னல்களில் கம்பளி தொங்கியது. பாடகி பாடி நிறுத்திக் கையைக் காட்டினார். பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டு ஆராரோ என்று தொடங்கினார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“பெரியம்மா, இது தாலாட்டு! ஒப்பாரி சொல்லுங்கோ.”

“ஏலாது பிள்ளை.”

“சட்டனில சொன்னீங்கள்தானே?”

“அது செத்த ஆளுக்கு.”

இரண்டாம் முறையும் தாலாட்டுத்தான். இவர் பாடுவது பிள்ளையைத் தூங்கவைக்கும் பாட்டு, பிழையான பாட்டு, வேறு யாரையாவது கூட்டிவருகிறேன் என்று பாடகியிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இதுவே இருக்கட்டும் என்றார். அந்த இடத்தில் மேளத்தையும் கித்தாரையும் எடுத்துவிட்டார்.

கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன். ஹோலில் அம்மப்பாவின் படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த அண்ணையின் படத்துக்கு மாலை இல்லை. வாங்க மறந்துவிட்டார்கள் என்றுதான் அன்றும் நினைத்தேன்.