பீடோர் பக்கம் திரும்பிய முகம்

மைக் பிடிக்கும் தொழிலில் நாம் சொல்வது எதுவும் நம்முடையதல்ல. யாரோ எழுதித் தருகிறார்கள், நாம் படிக்கிறோம். ஆனால் திட்டு மட்டும் எழுதியவருக்குப் போகாது, படித்த வாய்க்குத்தான் வந்து சேரும். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எங்கெங்கோ மைக் பிடித்து வாங்கிக் கட்டிக்கொண்ட சக பாவப்பட்ட ஜீவன்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் ஈப்போவில் இருபது வருட அறிவிப்பாளர். ஒலிபெருக்கி, வேன், வயர் எல்லாம் என் கணவர் சேகரின் பொறுப்பு. வீட்டில் ஒலிபெருக்கி தேவைப்படுவதில்லை என்பது அவர் கருத்து.

காற்றாடி செய்த வேலை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாநிலக் குத்துச்சண்டைப் பட்டத்துக்கான ஆட்டம். வழக்கமாக அறிவிப்பவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் என்னைக் கூப்பிட்டார்கள். செமோர் ஊர் ரவீனுக்கும் பீடோர் ஊர் தினேஷுக்கும் சண்டை. கடைசிச் சுற்று முடிந்தும் இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். ஆகவே புள்ளிக் கணக்கு. மூன்று நடுவர்கள், ஒரு சீட்டு, படிக்க நான்.

முதல் நடுவர் தினேஷுக்கு, இரண்டாமவர் ரவீனுக்கு என்று படித்துவிட்டு, மூன்றாவதுக்கு முன்னால் நிறுத்தினேன். கல்யாணத்தில் மணமகளை மேடைக்கு அழைக்கும் முன் ஒரு மூச்சு விடுவோமே, அதே மூச்சு. அந்த நேரம் பார்த்து செமோர் பக்கம் வைத்திருந்த ராட்சத மின்காற்றாடி சீட்டைப் படபடவென்று அடித்தது. காற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். எதிரே பீடோர்க்காரர்கள். மேடையில் யாரைப் பார்த்தாலும் சிரிப்பது இருபது வருடப் பழக்கம். சிரித்தேன்.

அவ்வளவுதான். தினேஷின் அம்மா ரிங்கில் ஏறி, பையிலிருந்த பொன்னாடையை எடுத்து மகனுக்குப் போர்த்திவிட்டார். கூட்டாளிகள் அவனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். நான் சீட்டில் இருந்ததைப் படித்தேன்: "ரவீன், செமோர்." மண்டபமே கத்தியது. அந்த அம்மா மட்டும் மகனைக் கீழே இறக்கும்வரை காத்திருந்து, பொன்னாடையை எடுத்து மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். வேனில் ஏறும்போது சேகர் சொன்னார்: "நீ படிச்சது சரிதான். மூஞ்சிதான் தப்பா அறிவிச்சிருச்சு."

சிம்பாங் பூலாயில் ஒரு கல்யாணம்

அடுத்த வாரம் சிம்பாங் பூலாயில் மதிய விருந்து. மாப்பிள்ளை பீடோர், பெண் செமோர். இந்தப் பொருத்தத்தை எந்த ஜோசியர் பார்த்துக் கொடுத்தாரோ தெரியவில்லை. நான் "மணமக்களை வரவேற்போம்" என்று சொல்லி வழக்கம்போல் நிறுத்தினேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எந்தப் பக்கம் பாக்குது, பாருங்கடா!"

சாப்பாட்டு வரிசையில் வழக்கு முற்றிவிட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா ஐந்தாவது சுற்றில் தினேஷ் விட்ட இடதுகைக் குத்தைச் செய்து காட்டினார். பெண்ணின் மாமா அதை ரவீன் எப்படித் தடுத்தான் என்று செய்து காட்டினார். நடுவில் இருந்த கோழிப் பிரட்டலுக்கு மட்டும் யாரும் தடுப்புச் சொல்லித் தரவில்லை. மசாலா மாமாவின் சட்டையில். மறுஆட்டம் வைத்தே ஆக வேண்டும் என்று அப்போதும் இரண்டு பேரும் நின்றார்கள். மாப்பிள்ளை மெதுவாக என் பக்கம் வந்தார்: "அக்கா, தாலி கட்டியாச்சு. இதுக்கு ரீமேட்ச் கிடையாதுன்னு மைக்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க லா."

பாயின் வியாபாரம்

எங்கள் வீட்டுப் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில், காதர் பாய் அந்தச் சண்டையின் வீடியோவைத் தினமும் பெரிய டிவியில் போட ஆரம்பித்தார். தே தாரே டீக்கு ஆர்டர் எழுதும் துண்டுச் சீட்டில் ஆளாளுக்குப் புள்ளி போட்டார்கள். ஒவ்வொரு குத்துக்கும் ஒரு தடவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடியும் பார்த்தார்கள். கடைசியில் என் முகம் பெரிதாக வரும். ரொட்டி வாங்கப் போன நான், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"நீங்களாவது பொதுவா சொல்லுங்க பாய், மறுஆட்டம் வேணுமா, வேணாமா?" என்று கேட்டேன். கல்லாவிலிருந்து கண்ணை எடுக்காமல் பாய் சொன்னார்: "வேணவே வேணாம்மா. இவங்க சண்டை தீந்துருச்சுன்னா அப்புறம் எவன் என் கடையில நாலு மணி நேரம் உக்காருவான்?"

மூன்று நிபந்தனை

பாயின் வேண்டுதல் பலிக்கவில்லை. மறுஆட்டம் முடிவானது. ஏற்பாட்டாளர் வோங், ரப்பர் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்த சீனரின் மகன்; நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். பீடோர் தரப்பு மூன்று நிபந்தனை போட்டிருப்பதாகச் சொன்னார். இரண்டு கூடுதல் சுற்று வேண்டும். காற்றாடியை மாற்ற வேண்டும். மூன்றாவதைச் சொல்லக் கொஞ்சம் தயங்கினார். "நடுவருங்க மூணு பேரும் அதே ஆளுங்களா இருந்தாலும் பரவாயில்லையாம். நீங்க மட்டும் வரக்கூடாதாம் லா."

கொய்யாத் தோட்டத்தில்

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. இருபது வருடத்தில் என்னை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. அந்த மைக் எனக்குத் திரும்ப வேண்டும் என்று சேகரைக் கிளப்பிக்கொண்டு பீடோருக்குப் போனேன். தினேஷின் அம்மா சரசு அக்கா ஒரு கொய்யாத் தோட்டத்துக் கொட்டகையில் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். காற்றாடிக் கதை முழுவதையும் சொன்னேன். நடுவர்கள் எழுதியதைத்தானே படித்தேன் என்றும் சொன்னேன்.

அவர் கையிலிருந்த பழத்தைக் கூடையில் வைத்தார். "அவன் தோத்ததுக்கு நான் ஒண்ணும் சொல்லல. நான் ரப்பர் தோட்டத்துல வேல செஞ்சவ. விடியக்காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்கு வரிசையா நிப்போம், கணக்கப்புள்ள கிராணி பேர் கூப்பிட்டாத்தான் அன்னிக்கு வேல. அந்தாளு மகா கெட்டவன். ஆனா பேரக் கூப்பிடாம யாரு மூஞ்சியயும் பாத்துச் சிரிச்சதில்ல."

மன்னிச்சிருங்கக்கா என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவர் இன்னும் பத்துப் பழம் பிரித்தார். பிறகு ஒரு பை கொய்யாவை என் கையில் வைத்துச் சொன்னார்: "வந்து படிங்க. பேப்பரப் பாத்து, பேர மட்டும் படிங்க."

மறுஆட்டம்

அதே மண்டபம், கூடுதலாக இரண்டு சுற்று, சின்னக் காற்றாடி. மறுபடியும் இரண்டு பேரும் நின்றார்கள். மறுபடியும் புள்ளிக் கணக்கு. சீட்டை மூக்குக்கு நேராகப் பிடித்தேன். யாரையும் பார்க்கவில்லை, சிரிக்கவில்லை, மூச்சும் விடவில்லை. முதல் நடுவர் ரவீன் இரண்டாம் நடுவர் தினேஷ் மூன்றாம் நடுவர் தினேஷ் வெற்றி பீடோர் என்று ஒரே ஓட்டமாகப் படித்து முடித்தேன்.

நான் படித்த வேகத்தில் யாருக்கும் எதுவும் புரியவில்லை. யாரும் யாரையும் தூக்கவில்லை. தினேஷ் தன் பயிற்சியாளரைப் பார்த்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் சீட்டையே பார்த்தேன். ரிங்குக்குக் கீழே சரசு அக்கா, ஒரு கையைப் பைக்குள் விட்டபடி நின்றிருந்தார். பொன்னாடை பாதி வெளியே வந்திருந்தது, அதை முழுதாக எடுக்க அவருக்குத் துணிவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "எம் மவன் பேருதானம்மா சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க."

மெதுவாகச் சொன்னேன், இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அதனால் செமோர்க்காரர்கள் இப்போது மூன்றாவது ஆட்டம் கேட்கிறார்கள், முதல் நிபந்தனை நான் மைக்கைத் தொடவே கூடாது.