பாதியில் நிறுத்தக்கூடாத வேலை

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்த என் மகளுக்குப் போன கோடையில் சென்னையில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பயிற்சி கிடைத்தது. புரதத்தைப் பற்றிய பயிற்சி. அவள் அம்மா சிறுநீரகம் கெட்டு ரொம்ப நாளாகப் படுக்கையில் இருந்தாள். மகள் போகத் தயங்கினாள். "போய்ட்டு வா, நான் எங்க ஓடிடப் போறேன்" என்று சொல்லி அனுப்பியதும் அவள் அம்மாதான்.

நான் ஐந்தாவதோடு நின்றவன். மகள் போனில் எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுவாள். கிருமியை வளர்த்து, உடைத்து, அதற்குள் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் தனியாகப் பிரிக்க வேண்டுமாம். கண்ணாடிக் குழாயில் ஊற்றினால் சொட்டுச் சொட்டாக இறங்குமாம். எல்லாம் குளிரிலேயே நடக்க வேண்டும். "சூடு பட்டா வெந்த முட்ட மாதிரி நைனா. திரும்ப பழையபடி ஆவாது. பாதியில உட்டா அவ்ளோதான்."

ஒரு காலையில் அவள் அம்மா இறந்துபோனாள். திருப்புலிவனத்திலிருந்து அவளுடைய அண்ணன், என் மச்சான், வந்து சேர்ந்தார். மகளிடம் சொல்லப் போனை எடுத்தேன். மச்சான் வாங்கிக்கொண்டார்.

"இரு மாப்ள. பொண்ணு தனியா பஸ்ல வரணும். செத்துட்டான்னு சொல்லக்கூடாது."

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சாவை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்லுவோம். சீரியஸ் என்போம். கேட்டவர்கள் புரிந்துகொண்டு கிளம்பிவிடுவார்கள். ஆனால் அவள் அம்மாவுக்கு அதற்கு முன்பு நிஜமாகவே சீரியஸ் ஆகி, மகள் ஓடி வந்து பார்த்து, பிறகு அம்மா தேறியதும் உண்டு.

"அம்மாக்கு கொஞ்சம் சீரியசா கீது கண்ணு, கெளம்பி வா" என்றார் மச்சான். ஸ்பீக்கரில் மகளின் குரல் கேட்டது.

"ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனீங்களா மாமா?"

"பாத்துக்கினுதான் கீறோம்."

"இப்பதான் குழாய்ல ஊத்துனேன். மதியம் முடிஞ்சிடும். முடிச்சிட்டு ஒடனே வரேன்."

மச்சான் என்னைப் பார்த்தார். "சரிம்மா, சீக்கிரம் வா" என்று வைத்துவிட்டார்.

கத்திரி வெயில். பக்கத்தில் உத்திரமேரூரில் இருந்த ஐஸ் பெட்டியெல்லாம் வேறு சாவுக்குப் போய்விட்டிருந்தது. மதியத்துக்கு மேல் பெரியவர்கள், "ஒடம்பு தாங்காதுப்பா, இருட்டறதுக்குள்ள எடுத்துடணும்" என்றார்கள். மச்சான் திரும்பவும் போன் செய்தார். மகள் செங்கல்பட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தாள். அப்போதும் அவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தூக்கினோம்.

நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பிக் குளித்த பிறகுதான் அவள் தெருவில் நுழைந்தாள். வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்தபடி பையைக் கீழே வைத்தாள். புருஷன் இருக்கும்போது போகிறவளுக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டுவார்கள். மகள் இருந்தால் அவள்தான் பூசுவாள்.

"மஞ்சா யாரு பூசனது?"

"ஒங்க அத்த."

"என்னாண்ட சொல்லியிருந்தா குழாய்ல இருந்தத அப்டியே கீழ ஊத்திட்டு வந்திருப்பேன் நைனா."

"ஒன் நல்லதுக்குத்தான் கண்ணு" என்றார் மச்சான். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

காரியம் முடிந்ததும் பயிற்சிக்குத் திரும்பிப் போனாள். அன்றைக்குப் பிரித்த புரதம் சுத்தமாக வந்திருந்ததாக அங்கே பயிற்சி கொடுக்கும் மேடம் சொன்னார்களாம். அதை என்னிடம் சொல்லிவிட்டு உடனே போனை வைத்துவிட்டாள்.

இப்போதெல்லாம் போனை எடுத்ததும், "யாருக்கு இன்னா ஆச்சு, நேரா சொல்லு நைனா" என்கிறாள். வீட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். போன் செய்வதும் நான்தான். அப்படியும் கேட்கிறாள்.