ஹோல்டருக்குள் ஒட்டிய பொட்டு

என் கேமராப் பையின் அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று கிடக்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். லென்ஸின் முகப்பில் மாட்டி, சதுர ஃபில்டரை மேலிருந்து செருகுவதற்கான ஹோல்டர் அது. ஃபில்டர் ஏறி இறங்கும் காடிக்குள் இரண்டு பக்கமும் அரக்கு நிற வெல்வெட் ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். எல்லாம் நான் நெற்றியில் வைத்துக்கொள்கிற பொட்டுகள்தான். ஒட்டியவர் என் வீட்டுக்காரர். ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல நிறம் மங்காமல் புதிதாக இருக்கும். அதை ஒட்டியது நான். பார்க்கிறவர்கள் இதென்ன கேமராவுக்குச் சீமந்தமா என்று கேலி செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன். ஆனால் அதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு முதுகில் சில்லென்று ஏறும்.

என் வீட்டுக்காரர் பயந்த சுபாவம். பல்லிக்குப் பயம், இடிக்குப் பயம், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரப் பயம். வீரபாண்டித் திருவிழாவில் நான் ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்க, அவர் கீழே கண்ணை மூடி நிற்பார். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயி. இவனுக்கு வெளுத்ததும் பேயி" என்பார் என் மாமியார். சின்னமனூரில் என் வீட்டுக்காரர் தட்டச்சுப் பள்ளி நடத்திவந்தார். ஓர் அறை நிறைய மிஷின்கள் ஒரே நேரத்தில் தடதடக்கும். அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். "மூணாவது மிஷின்ல யாரு, சுண்டுவிரலை மடக்கி வச்சிக்கிட்டு அடிக்கிறது?" என்று திரும்பாமலே கேட்பார். அவ்வளவு கூர்மையான காது. பயந்தவர்களுக்குக் கடவுள் காதை மட்டும் பெரிதாகக் கொடுத்துவிடுகிறார் என்று நான் சொல்வேன்.

நான் படம் எடுப்பவள். கம்பம், உத்தமபாளையம் பக்கத்து முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் இருக்கும் பகுதிக்குள் ஆண் போட்டோகிராபர் போக முடியாது. அங்கே என்னைத்தான் கூப்பிடுவார்கள். அது பிழைப்பு. ஆசை வேறு. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் ஒருவர் ஆண்டுதோறும் காலண்டர் போடுவார். அதற்கு மலைப் படம் வேண்டும். மேகமலையின் ஒரு வளைவில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கீழே தெரியும். விடியும்போது முதல் வெயில் எதிரே இருக்கும் கேரளத்து மலைகளின் உச்சியில் விழும். பள்ளத்தாக்கு அப்போதும் பனிக்குள் இருட்டாகக் கிடக்கும். அந்த இரண்டையும் ஒரே படத்தில் பிடிக்க வேண்டும் என்பது என் பைத்தியம். வானத்துக்கு வெளிச்சம் அளந்தால் பள்ளத்தாக்கு கரியாகிவிடும், பள்ளத்தாக்குக்கு அளந்தால் வானம் வெளிறிவிடும். அதனால் மேல்பாதி சாம்பல் நிறமும் கீழ்பாதி தெளிவுமான ஃபில்டர் ஒன்று வைத்திருந்தேன். வட்டமாக லென்ஸில் திருகி மாட்டுவது. அதில் நிறம் மாறும் கோடு நட்டநடுவில் நிற்கும். மலைக்கோடு நம் வசதிக்கு நடுவில் வந்து நிற்குமா?

எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்த அவருடைய பெரியப்பா மகன் வீட்டில் முதல்நாள் தங்கிவிட்டு, விடியுமுன் அந்த வளைவுக்கு இரண்டு பேரும் பைக்கில் போவோம். என்னைத் தனியாக அனுப்ப அவருக்குப் பயம், கூட வரவும் பயம். இரண்டு பயத்தில் எது சின்னது என்று பார்த்துக் கூட வந்துவிடுவார். நான் கேமராவின் முக்காலியை விரித்து நிற்பேன். அவர் என் முதுகுக்குப் பின்னால், எதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டு, காட்டைக் கேட்டுக்கொண்டு நிற்பார். "ஆனை வந்தா மணியோசை கேக்கும்ல, நீங்க ஏன் நடுங்குறீக?" என்று சீண்டுவேன். "இது மணி கட்டாத ஆனை புள்ள" என்பார் மெதுவாக.

முதல் தடவை அது நடந்தபோது வெளிச்சம் சாம்பல் பூத்தமாதிரி வந்திருந்தது. ஃபில்டர் இருந்த பையின் மூடி, ஒட்டுப்பட்டையால் ஒட்டிக்கொள்ளும் ரகம். நான் வெடுக்கென்று இழுத்தேன். பர்ர்ரென்று துணி கிழிகிறமாதிரி ஒரு சத்தம். அந்த அமைதியில் அது மலைமுழுக்கக் கேட்டிருக்கும். பக்கத்து ஈத்தை மூங்கில் புதரே மூச்சு விட்டதுபோல உஸ்ஸென்றது. அவ்வளவு நேரமும் அங்கனயேதான் நின்றிருக்கிறது. ஓர் இலைகூட அசையாமல் அவ்வளவு பெரிய உருவம் எப்படி நிற்கும் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. புதர் இரண்டாகப் பிரிந்து, எங்களுக்கும் பைக்குக்கும் நடுவில் ரோட்டில் வந்து நின்றது. ஒற்றை யானை. காது இரண்டும் விரிந்திருந்தன. என் கையிலிருந்து ஃபில்டர் நழுவிக் கல்லில் விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்துக்கு அது ஓரடி முன்னால் வைத்தது. அவர் என் முந்தானையைப் பிடித்திருந்தார். எனக்கு ஓடத்தான் தோன்றியது, கால் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. தும்பிக்கையால் தரைப் புழுதியை ஒரு தடவை விசிறிவிட்டு, எங்களை மதிக்காததுபோலத் திரும்பி, சரிவில் இறங்கிப் போய்விட்டது.

அவர் ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தார். நான்? ஊருக்கு வந்ததும் அதையே கதையாக்கி வீடு வீடாகச் சொன்னேன். முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றதை நடித்தே காட்டினேன். என் பயத்தை மறைக்க அவர் பயம் தோதாகக் கிடைத்தது. அவரும் கூடச் சிரித்தார். இனி மேகமலை கிடையாது என்று சொல்லப்போகிறார் என்று நான் சண்டைக்குத் தயாராக இருந்தேன். மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே, "அந்த வட்டச் சாமான்தான் ஒடஞ்சு போச்சுல்ல. சத்தம் போடாத சாமானாப் பாத்து வாங்குவோம்" என்றார்.

மதுரைக் கடையில் சதுர ஃபில்டர் ஹோல்டர்களை மேசைமேல் பரப்பிவைத்தார்கள். சதுரம் என்றால் ஃபில்டரை ஏற்றி இறக்கி, நிறம் மாறும் கோட்டை மலைக்கோட்டின்மேல் உட்காரவைக்கலாம். எனக்கு இரும்புபோலக் கனமான உலோக ஹோல்டர் பிடித்துப்போயிற்று. அகலமானது, ஓரங்களை மறைக்காது, ஆயுசுக்கும் உழைக்கும். அவர் அதை வாங்கிக் காதருகே வைத்துக் கண்ணை மூடினார். ஃபில்டரை உள்ளே விட்டார், எடுத்தார். திருகைச் சுற்றினார். அடுத்ததை எடுத்தார். அதையும் காதில் வைத்தார். கடைக்காரர் என்னைப் பார்த்து, "சார் என்னம்மா, தேங்கா வாங்க வந்த மாதிரி தட்டித் தட்டிப் பாக்குறாக" என்றார். எனக்கு மானம் போயிற்று. "என்னங்க, லென்ஸுல மாட்டிப் பாக்குறத விட்டுட்டு..." என்று பல்லைக் கடித்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "இரும்பு கிர்ருங்குது. கண்ணாடி அதுல டிங்குங்குது. பிளாஸ்டிக்கு பரவாயில்ல" என்றார். கண்ணாடி ஃபில்டருக்குப் பதிலாக, விழுந்தாலும் சத்தமில்லாத பிளாஸ்டிக் ஃபில்டரையே எடுத்தார்.

அந்த ஹோல்டரில் நான் பயந்த குறை வந்தது. அகல லென்ஸில் மாட்டினால் படத்தின் நான்கு மூலையும் கறுப்பாக வெட்டுப்பட்டன. ஹோல்டரில் ஃபில்டர் செருக முன்னும் பின்னுமாக மூன்று காடிகள் இருந்தன. நான் பயன்படுத்துவது ஒன்றைத்தான். அவர் ரம்பத் தகட்டால் வெளிக்காடிகளை அறுத்தெடுத்துவிட்டு, உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார். மூலை தெளிந்தது. பிறகும் திருப்தியில்லை. ஃபில்டர் காடியில் ஏறும்போது கீச்சென்கிறதாம். எனக்குக் கேட்கவில்லை. ஒருநாள் நெற்றிக்குப் பொட்டைத் தேடினால் அட்டை காலி. தட்டச்சுப் பள்ளி மேசையில், இரண்டு மிஷின்களுக்கு நடுவில் உட்கார்ந்து, என் பொட்டுகளை ஒவ்வொன்றாகக் காடிக்குள் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்டுப்பட்டைப் பையைத் தூர எறிந்துவிட்டுப் பழைய பனியன் துணியில் ஒரு பையும் தைத்திருந்தார். அதன்பின் ஃபில்டர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது.

இரண்டாவது தடவை நடந்ததை நான் யாரிடமும் சொன்னதில்லை. அதே வளைவு. அன்று எல்லாம் கூடிவந்தது. கீழே பனி, எதிர்மலை உச்சியில் மஞ்சள் கோடு. கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே ஃபில்டரை மெல்ல இறக்கிக் கோட்டை உட்காரவைத்துவிட்டேன். விரல் பொத்தான்மேல் இருந்தது. பின்னாலிருந்து ஒரு கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. ஐஸ் மாதிரி குளிர்ந்த கை, வியர்வையில் நனைந்திருந்தது. ஆனால் நடுங்கவில்லை. காதோரம் மூச்சாகச் சொன்னார்: "அமுக்காத புள்ள. பின்னால நிக்கிது. குட்டி இருக்கு."

எல்லாவற்றையும் சத்தமில்லாமல் செய்தோம், கேமராவே டக்கென்று சத்தம் போடும் என்பதை மறந்துவிட்டோம். பொத்தானை அமுக்கினால் உள்ளிருக்கும் கண்ணாடி அடித்துக்கொள்ளும் அந்தச் சத்தம் குட்டி வைத்திருக்கும் தாய்க்குப் போதும். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. வெளிச்சம் உச்சியிலிருந்து இறங்கி இறங்கி, நான் ஆண்டுக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த படமாகக் கண்ணெதிரே நிற்கிறது. ஒரு விரல் அசைவு. அவர் பிடியை விடவில்லை. அப்போதுதான் வாசனை வந்தது. ஈரச் சாணமும் மென்ற புல்லும் கலந்த சூடான வாசனை, கழுத்துக்குப் பின்னால். ஈத்தை ஒடிந்தது. ஒன்றில்லை, பல. அடிவயிற்றிலிருந்து வருகிற உறுமல் ஒன்று தரைவழியாக என் உள்ளங்காலுக்கு ஏறியது. திரும்பிப் பார்க்கவும் முடியாது. கேமராவின் சின்ன ஜன்னலுக்குள் மலை மட்டும் அழகாக விடிந்துகொண்டிருந்தது. அழகைப் பார்த்துக்கொண்டே சாகப்போகிறோம் என்று நினைத்தேன். என் பிள்ளைகளின் முகம் வந்தது. சாமி பெயர்கூட ஒன்றும் வாய்க்கு வரவில்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்த இடத்தில் இரண்டு நாடியும் சேர்ந்து அடித்தன, எது யாருடையது என்று தெரியவில்லை.

அவை எங்களுக்குப் பின்னாலேயே ரோட்டைக் கடந்து தேயிலைக்குள் இறங்கிப் போயின. சத்தம் முழுக்க அடங்கியபிறகும் அவர் கையை எடுக்கவில்லை. எடுத்தபோது வெயில் பள்ளத்தாக்கில் இறங்கிவிட்டது, படம் போய்விட்டது. திரும்பினேன். அவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்திருந்தது. நான் அவரைப் பார்க்காததுபோலச் சாமான்களைக் கட்டினேன். ஃப்ளாஸ்க்கில் மிச்சமிருந்த டீயை அவர் மடியில் ஊற்றினேன். எஸ்டேட் வீட்டில் அவருடைய அண்ணன், "என்னடா வேட்டியெல்லாம்?" என்றார். "டீயைக் கொட்டிட்டாக" என்றேன். அந்தப் படத்தை நான் பிறகு எடுக்கவேயில்லை. காலண்டருக்கு வேறு ஏதோ ஓர் அருவியைக் கொடுத்தேன்.

காலம் மாறிவிட்டது. ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்தது. தட்டச்சுப் பள்ளியைக் கம்ப்யூட்டர் சென்டர்காரருக்கு விட்டுவிட்டோம். மிஷின்களுக்கு நடுவில் அத்தனை வருஷம் உட்கார்ந்ததாலோ என்னவோ, அவருக்குக் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, இப்போது ஏறக்குறைய கேட்பதேயில்லை. காது கேட்கும் மிஷின் வாங்கி வைத்தோம். ஃபேன் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால், காதோடு பயமும் போய்விட்டது. இடி இடித்தால் வாசலில் நின்று மின்னலைப் பார்க்கிறார். போன மாதம் மேகமலைக்குப் போகவேண்டும் என்று சொன்னவரும் அவர்தான். துபாயில் இருக்கும் மகன் அனுப்பிய புதுப் பை நிறைய ஒட்டுப்பட்டை. வேண்டாம் என்றேன், அவர் கேட்காமல் அதையே தூக்கிக்கொண்டார்.

அதே வளைவு, அதே சாம்பல் வெளிச்சம். அவர் வழக்கம்போல எனக்குப் பின்னால் எதிர்த் திசையைப் பார்த்து நின்றார். காடு முழுவதையும் நான் ஒருத்தியே கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்பது அங்கே போய் நின்றபிறகுதான் உறைத்தது. தூரத்தில் ஏதோ முறிந்தது. காற்றா? திரும்பினால் அவர் புன்சிரிப்போடு எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருஷமும் அவர் இப்படித்தான் நின்றிருக்கிறார். ஒவ்வொரு சருகுக்கும் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டு. எனக்கும் சேர்த்து அவரே பயந்துவிட்டதால்தான் நான் தைரியசாலியாக இருந்திருக்கிறேன்.

ஃபில்டரைச் செருகும்போது காடியிலிருந்து ஒரு பொட்டு உதிர்ந்து விழுந்தது. ஃபில்டர் கீச்சென்றது. முதன்முறையாக எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. அதே நேரம் அவர் எனக்கு உதவுவதாக நினைத்துப் புதுப் பையின் மூடியை வெடுக்கென்று இழுத்தார். பர்ர்ரென்று மலை முழுக்கக் கேட்டது. நான் அசையாமல் நின்றேன். ஈத்தைப் புதரையே பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. வராது என்றும் சொல்வதற்கில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டார். காது கேளாதவர்கள் பேசும் உரத்த குரலில், "சத்தம் போட்டுருச்சா புள்ள?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். நெற்றிப் பொட்டை எடுத்துக் காடிக்குள், உதிர்ந்த இடத்தில் ஒட்டினேன்.