விதை பிடிக்கும் எவாரிஸ்தோ

"கையை நீட்டுங்கம்மா. ஆட்டாதீங்க. ஆட்டுனா அது உள்ள போய் ஒளிஞ்சுக்கும்."

சுவிட்சர்லாந்துச் சீமாட்டியின் கைமடிப்பு வெல்க்ரோ ஒட்டுப்பட்டைக்குள் இடுக்கியை விட்டு, எள்ளில் பாதி இருக்கும் புல்விதை ஒன்றை எவாரிஸ்தோ ஓயர்சூன் வெளியே இழுக்கிறார். விளக்கில் காட்டிப் பார்க்கிறார். "பாருங்க, பனிக்கண்டத்துல பண்ணை போடக் கெளம்பிட்டீங்க." கொலைக் குற்றத்தில் அகப்பட்டவர் போல அந்த அம்மாளின் முகம் சிவக்கிறது. விதை ஒரு கண்ணாடி சீசாவுக்குள் போகிறது. அதில் இந்தப் பருவத்துக் கைதிகள் ஏற்கெனவே நாற்பத்தேழு பேர்.

அர்ஜென்டினாவின் உஷுவாயா துறைமுகத்திலிருந்து தென்துருவப் பனிக்கண்டத்துக்குப் போகும் எங்கள் கப்பலில், பூட்ஸ் அறைக்கு அவர்தான் ராஜா. வெளிமண்ணோ வெளிவிதையோ அந்தக் கரையில் விழக் கூடாது என்பது சட்டம். கேப்டனே ஆனாலும் எவாரிஸ்தோவிடம் பாக்கெட்டை இழுத்துக் காட்டாமல் படகில் இறங்க முடியாது. தூசி உறிஞ்சும் இயந்திரத்துக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'மாமியார்'. "எந்த மூலையையும் விட மாட்டா, எதுலயும் திருப்தியும் பட மாட்டா." அவருடைய சொந்த மாமியார் உயிரோடுதான் இருக்கிறார். வீட்டில் இந்தப் பேச்சை எடுப்பதில்லை.

யாரைக் கூப்பிட்டாலும் "சே!" என்றுதான் கூப்பிடுவார். இங்கே அது "ஏம்ப்பா" மாதிரி. பதினாறு வருடமாக இந்தக் கப்பலின் சமையலறையில் கரண்டி பிடிக்கிறேன். ஆனாலும் யாரோ என் சூப்பைக் குடித்துவிட்டுச் சலித்துக்கொள்வது போலவே காதில் விழுகிறது.

அக்குளில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் தேநீர் போல உறிஞ்சிக் குடிக்கும் மாத்தே இலைத்தூள் போட்ட சுரைக்குடுவை, வாயில் உலோக உறிஞ்சுகுழல். இவை இல்லாத எவாரிஸ்தோவை அவருடைய அம்மா வேண்டுமானால் பார்த்திருக்கலாம்.

இவ்வளவு அதிகாரம் பண்ணுகிறவர் பதினொரு பருவமாக அந்தக் கரையை மிதித்ததே இல்லை. எல்லோரும் போய்த் திரும்பும்போது பூட்ஸ் கழுவ ஆள் வேண்டுமே. "அங்க என்ன இருக்கு, கல்லும் பறவைப் பீயும்தானே" என்பார். சொல்லிவிட்டு வட்டச் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு ரொம்ப நேரம் நிற்பார்.

இந்த மார்ச்சில் அவருடைய முழங்கால் கைவிட்டுவிட்டது. இதுதான் கடைசிப் பயணம் என்று சொல்லிவிட்டார். கடைசி நாள் காலை, வழிகாட்டிகளின் தலைவி ஹிமேனா வந்து நின்றாள். "எவாரிஸ்தோ, இன்னிக்கு நீங்க போறீங்க. பிரஷ்ஷை இவர்கிட்ட குடுங்க. கடைசிப் படகு, பத்து நிமிஷத்துல கெளம்புது." இவர் என்றது என்னை.

மனிதர் வெளிறிப்போனார். "அப்ப என்னை யாரு சோதிக்கிறது?"

"நான்தான்" என்றேன்.

"வெங்காயம் உரிக்கிறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றபடியே கையை நீட்டினார். பூட்ஸ் சுத்தம். ஒட்டுப்பட்டை சுத்தம். பாக்கெட்டுகளில் மாமியாரை விட்டேன். அவளுக்கே ஒன்றும் அகப்படவில்லை. சரி, முடிந்தது என்று நிமிர்ந்தேன். நேர் எதிரே அவருடைய மீசை. நரைத்துப்போய், விளக்குமாறு போல அடர்ந்த மீசை. அதற்குள் பச்சைப் பசேலென்று மாத்தே இலைத்தூள். உலகத்தின் கைமடிப்பையெல்லாம் கிண்டியவர், தன் மூக்குக்குக் கீழே ஒருநாளும் பார்க்கவில்லை!

"எவாரிஸ்தோ, மீசையில ஒரு தோப்பே இருக்கு."

கண்ணாடியைப் பார்த்தவர் ஆடிப்போய்விட்டார். மாமியாரையே வைத்து இழுத்தோம். பாதி மீசை குழாய்க்குள் போய் மாட்டிக்கொண்டது. "ஐயோ, மாமியாரே, விட்டுடுங்க!" என்று அலறினார். விடுவித்துப் பார்த்தால் தூள் இன்னும் இருந்தது. கீழேயிருந்து ஹிமேனா, "நாலு நிமிஷம்!" என்று கத்தினாள்.

"வறுத்த இலைதானே, முளைக்கவா போகுது? போங்க" என்றேன்.

"இதையேதான்டா எல்லாரும் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கதவு திறந்தபோது வெளியே வந்தது எனக்குத் தெரியாத ஓர் ஆள். மீசை இருந்த மேலுதடு மட்டும் மாவு தடவியது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. அதில் இரண்டு இடத்தில் ரத்தம். "சார், நீங்க எந்த அறை?" என்று ஹிமேனா கேட்டாள். பதில் சொல்ல நேரமில்லாமல், முழங்காலை மறந்து படகில் குதித்தார்.

நான் பிரஷ்ஷும் கையுமாக வாசலிலேயே நின்று தொலைநோக்கியில் பார்த்தேன். படகு கூழாங்கல்லில் முட்டி நின்றது. அப்போதுதான் துடைத்த தரையில் இறங்குவது போல ஒரு காலை வைத்தார், பிறகு இன்னொரு காலை. மற்றவர்கள் படம் எடுக்கப் போய்விட்டார்கள். அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஒரு பென்குயின் மட்டும் தத்தித் தத்தி வந்து, எதிரே நின்று, அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தது.

எவாரிஸ்தோ தன் இரண்டு பாக்கெட்டுகளையும் வெளியே இழுத்துக் காட்டினார்.