துடுப்புக்குக் கீழே ஒரு வட்டம்

எவாசியோ ஒரு தகட்டைச் சோதிக்கும்போது அதைப் பார்ப்பதில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, இடது புறங்கையால் அலுமினியத்தை மெல்லத் தடவிக்கொண்டே போகிறார். கை எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு மேடு இருக்கிறது. தகட்டை மணல் பையின் மேல் சாய்த்து, மரச் சுத்தியலால் இரண்டு தட்டு. மறுபடியும் ஜன்னல், மறுபடியும் புறங்கை. வீட்டில் மேசை விரிப்பை விரித்தாலும் அந்தக் கை தானாக நீள்கிறதென்று அவர் மனைவி எர்னெஸ்தா சொல்கிறாள்.

தலையில் செய்தித்தாளை மடித்துச் செய்த தொப்பி. தினமும் புதிதாக மடிப்பார். விளையாட்டுச் செய்திகள் வரும் அந்த ரோஸ் நிறத் தாள்தான் வேண்டும். சைக்கிள் பந்தயப் பக்கம் உள்ளே, தலையில் படும்படி இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டால், "கால்பந்து உள்ள இருந்தா தலை வலிக்குது" என்பார். வியர்வையில் மை இறங்கி, சாயங்காலம் நெற்றியில் பந்தயக்காரர் பெயர்கள் இடவலம் மாறி ஒட்டியிருக்கும். அதோடேயே தூரின் நகரத்து டிராமில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்.

அவர் இடது பக்கத்து ஆள். தோரா ஆற்றை ஒட்டிய அந்தப் பட்டறையில் ஒரு காருக்கு இடப்புறத் தகடுகள் முழுவதும் எவாசியோவுடையவை. வலப்புறம் எர்னெஸ்தாவின் அண்ணன் தெல்ஃபினோவுடையது. சுவரில் காரின் முழு அளவுப் படம் மாட்டியிருக்கும். அதில் இடப்பக்கம் மட்டும்தான் வரைந்திருக்கும். தெல்ஃபினோ அதை மெழுகுத்தாளில் எடுத்துத் திருப்பிப் போட்டுக்கொள்வார். சாயம் பூசும் நாள் வரை ஒருவர் பக்கத்தை மற்றவர் போய்ப் பார்க்கக் கூடாது. இறந்துபோன பழைய முதலாளி வைத்த வழக்கம் அது. பார்த்தால் இவர் அவரைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டுவார், அவர் இவரைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டுவார், கடைசியில் கார் சினைமாடு போல் ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. ஆகவே இருவரும் படத்தை மட்டுமே பார்த்து அடிக்கிறார்கள். காரின் இரு கன்னங்களும் ஒன்றுக்கொன்று மயிரிழை மாறித்தான் இருக்கின்றன. எந்த வாடிக்கையாளரும் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் நிற்க முடியாதென்பதால் இதுவரை புகார் வந்ததில்லை.

கொஞ்ச காலமாக எவாசியோவுக்குப் படங்கள் பிடிபடவில்லை. முன்பெல்லாம் காரின் படம் கார் மாதிரி இருந்தது. இப்போது வரும் படங்கள் ஆகாயத்திலிருந்து வருகின்றன. மூக்கில் ஒரு பெரிய வட்ட வாய், அதன் நடுவில் ஒரு கூம்பு. உட்காருகிறவர் தலைக்கு மேல் கண்ணாடிக் குமிழ். பின்புறத்தில் சுறாவுக்கு இருப்பதுபோல இரண்டு துடுப்புகள், அவற்றின் நுனியில் நெருப்புக் கக்கும் குழாய் வடிவில் சிவப்பு விளக்குகள். படம் வரைகிற ஃபுல்வியோ என்ற இளைஞரிடம் ஒருநாள் கேட்டே விட்டார்.

"இந்தக் கூம்புக்குப் பின்னால என்ன தம்பி இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்கு?"

"வேகத்துக்கு."

"நிக்கும்போதும் இருக்குமே."

"நிக்கும்போதுதான் அது வேணும்."

எவாசியோ அன்று முழுக்க அந்தப் பதிலைத் தடவிப் பார்த்தார். எந்த மேட்டிலும் கை நிற்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஃபுல்வியோ பார்த்து வரைகிற ஜெட் விமானம் என்றால் என்னவென்று நேரிலேயே பார்த்துவிடலாம் என்று கசேல்லே விமானத் திடல் வரை சைக்கிள் மிதித்தார். இடி போலச் சத்தம் வந்தது. சத்தம் வந்த இடத்தை அண்ணாந்து பார்த்தார். அங்கே வானம்தான் இருந்தது. வேலியோரம் நின்ற ஒருவர் வேறு திசையில் விரலை நீட்டியபோது அது புள்ளியாகிவிட்டது. "சத்தம் ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம்" என்று வந்து எர்னெஸ்தாவிடம் குறைப்பட்டுக்கொண்டார். "இதைப் பார்த்து நான் எப்படித் தகடு அடிக்கிறது?"

ஆனாலும் அடித்தார். பியெல்லா ஊர்க் கம்பளி ஆலை முதலாளி ஒருவருக்காக, தூரின் மோட்டார் கண்காட்சியில் வைப்பதற்காகச் செய்கிற கார் அது. இடது பின்பக்கத் தகடு, சக்கரத்துக்கு மேலிருந்து துடுப்பு வரை ஒரே மூச்சில் போவது, தன் வாழ்நாளில் அடித்ததிலேயே நல்ல தகடு என்று அவருக்குத் தெரியும். வாய் திறந்து சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் காரணமில்லாமல் அதன் பக்கமாகச் சுற்றிக்கொண்டு நடந்தார், அவ்வளவுதான்.

வெற்று அலுமினியமாக இருக்கும்போதே காரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆலை முதலாளி சொல்லியிருந்த நாள் வந்தது. அன்று காலையில் சாயம் பூசுகிற நத்தாலினோ பட்டறைக்குள் வந்தார். காரை முழுச் சுற்றுச் சுற்றுகிற உரிமை அவருக்கு மட்டும் உண்டு. ஒரு சுற்று வந்தார். இன்னொரு சுற்று வந்தார். பிறகு வாலருகே நின்று தலையைச் சொறிந்தார்.

"அண்ணே, நான் காருக்குச் சாயம் அடிக்கணுமா, ஏரோப்ளேனுக்கா?"

"என்னடா இப்ப?" என்றார் எவாசியோ.

"உங்க பக்கம் மழமழன்னு இருக்கு. தெல்ஃபினோ அண்ணன் பக்கத்துல துடுப்புக்குக் கீழ வட்டமா ஒரு ஓட்டை. புகை போற மாதிரி."

எல்லாரும் படத்திடம் போனார்கள். துடுப்புக்குக் கீழே வட்டம் இருக்கத்தான் செய்தது. சிவப்பு வட்டம், ஒருபுறம் கொஞ்சம் அழுத்தமாக, மறுபுறம் வெளிறி. எவாசியோ அதை முதல் நாளே பார்த்திருந்தார். ஒயின் கறை என்று எண்ணி விட்டுவிட்டார். புதுக் காரின் படம் வந்ததும் அதை நீள மேசையில் விரித்து, சுற்றி நின்று ஆளுக்கொரு கிளாஸ் பார்பேரா ஒயின் குடிப்பது பட்டறை வழக்கம். அதற்குப் பிறகுதான் படம் சுவரேறும். கறை விழாத படமே கிடையாது.

"கறைன்னு உனக்கு எவன் சொன்னான் மாப்ள?" என்றார் தெல்ஃபினோ. "ஃபுல்வியோ சிவப்புப் பென்சில்லதான் வரையுறான்."

"பார்பேராவும் சிவப்புதான் மச்சான்."

நத்தாலினோ போய் ஒரு கிளாஸைக் கொண்டுவந்து வட்டத்தின் மேல் வைத்தார். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. எவாசியோ தலையை ஆட்டினார், முடிந்தது வழக்கு என்பதுபோல.

"அவன் வட்டம் போடறதே கிளாஸை வெச்சுத்தான்" என்றார் தெல்ஃபினோ.

அதுவும் உண்மை. எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். நத்தாலினோ விரலை எச்சிலில் தொட்டு வட்டத்தில் தேய்த்து நக்கிப் பார்த்தார். "தாள் ருசிதான் வருது" என்றார்.

முதலாளியம்மா க்ளோதில்தே அலுவலக அறையிலிருந்து ஜெனோவாவுக்குத் தொலைபேசி போட்டார். ஃபுல்வியோ அங்கே தாயாருக்கு உடம்பு சரியில்லையென்று போயிருந்தார். கதவு திறந்திருந்ததால் பட்டறைக்கே கேட்டது.

"துடுப்புக்குக் கீழ ஒரு வட்டம் இருக்கே, அது நீங்க போட்டதா?"

எதிர்முனையில் ஏதோ கரகரத்தது.

"எந்த வட்டமா? அதைத்தான் கேக்குறேன். ... நல்லா இருக்கான்னா? எது நல்லா இருக்கா? ... வட்டமா? இருக்குன்னுதான் வெச்சுக்கோங்களேன்."

அம்மா வெளியே வந்தபோது அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. "நல்லா இருந்தா அது அவர் போட்டதுதானாம்" என்றார். "லைன் அறுந்துபோச்சு." பிறகு இருவரையும் பார்த்துச் சொன்னார்: "போன மாசம் கதவுல ஒரு தப்பு, இப்ப இது. எந்தப் பக்கம் சரின்னு நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. ஆலை முதலாளி வர்றதுக்குள்ள ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும். படத்தைத் தப்பாப் படிச்சவர் அடுத்த வண்டியிலேர்ந்து தரைத் தகடு."

தரைத் தகடு என்றால் காருக்கு அடியில் போகிற தகடு. யாரும் தடவிப் பார்க்காத தகடு. அதை அடிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்வார்கள், அதை அடிக்காத வரைக்கும்.

பேசி முடிவு செய்யச் சொன்னதால் இருவரும் பேசவில்லை. தெல்ஃபினோ தன் பக்கத்துக்குப் போய்விட்டார். எவாசியோ படத்தின் முன்னால் நின்றார். அவர் மனத்தில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. போன வாரம் காபிக் கடையில் ஆணியில் தொங்கிய ஒரு மேல்கோட்டுக்கு அவர் வணக்கம் சொன்னார். அது பதில் சொல்லாததால் கொஞ்சம் வருத்தமும் பட்டார். போன மாதக் கதவு அவருடையதுதான். பென்சில் கோடு கறையாகத் தெரிகிற கண் வைத்துக்கொண்டு ஒருவன் காரின் வெளித்தோலைச் செய்யலாமா?

டிராம் பிடித்து வீட்டுக்குப் போனார். எர்னெஸ்தா வாங்கி வைத்து, அவர் ஒருநாளும் போடாத மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டார். "எதைப் பார்க்கப் போறீங்க?" என்று கேட்டாள். "ஒரு வட்டத்தை" என்றார்.

கண்ணாடியோடு படத்தைப் பார்த்தபோது வட்டம் இரண்டாகத் தெரிந்தது. ஒன்று பென்சில் போலவும், அதை ஒட்டி இன்னொன்று கறை போலவும். கண்ணாடியைக் கழற்றினார்; ஒன்றாகியது. மறுபடி போட்டார்; இரண்டு. இரண்டும் உண்மைதானா, கண்ணாடி செய்கிற கூத்தா என்று தெரியவில்லை. தெல்ஃபினோ தன் பக்கத்துப் பின்தகட்டை ஈரச் சாக்கால் மூடிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார். எவாசியோவை நேராகப் பார்க்காமல், "மாப்ள, வர்றியா? இன்னைக்கு அக்னொலோட்டி" என்றார்.

"வயிறு சரியில்ல மச்சான்."

பட்டறை காலியானது. எவாசியோ படத்திலிருந்து வட்டத்தை மெழுகுத்தாளில் எடுத்தார். துடுப்புக்குக் கீழே அந்த நல்ல தகட்டின் மேல் ஒட்டினார். வாழ்நாளில் அடித்ததிலேயே நல்ல தகடு. இந்த முறை ஜன்னலைப் பார்க்கவில்லை. நேராகத் தகட்டையே பார்த்துக்கொண்டு வட்டத்தைச் சுற்றித் துளை போட்டு, ஒரு துளையிலிருந்து அடுத்ததற்கு உளி வைத்துத் தட்டினார். வட்டத் துண்டு உள்ளே விழுந்து சக்கரக் குழியில் கணகணத்து நின்றது. விளிம்பை அரத்தால் ராவ நினைத்தார். கை ஓடவில்லை.

சாப்பிட்டுவிட்டு எல்லாரும் திரும்பினார்கள். நத்தாலினோ பல்லிடுக்கில் கிரிஸ்ஸீனி ரொட்டிக் குச்சியோடு காரைச் சுற்றினார். இடப்பக்கம் வந்து நின்றார். வலப்பக்கம் போய்ச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். மறுபடியும் இடப்பக்கம் வந்தார். குச்சி வாயிலிருந்து விழுந்தது.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க ரெண்டு பேரும்?"

வலப்பக்கத்து ஓட்டை இல்லை. காலையில் எவாசியோ வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் தெல்ஃபினோ அதில் துண்டு வைத்துப் பற்றவைத்து, அடித்துச் சமப்படுத்தி, சூடு தணியச் சாக்கைப் போட்டிருந்தார்.

"நீ எதுக்குய்யா மூடின?" என்றார் எவாசியோ.

"அன்னைக்கு மேசையில என் கிளாஸு அந்தப் பக்கமாத்தான் இருந்துச்சு. நான் வெச்சதா இருக்கும்னு தோணுச்சு. நீ எதுக்கு வெட்டின?"

"என் கண்ணு சரியில்ல மச்சான்."

"கண்ணு சரியில்லன்னா கண்ணாடி போடு. தகட்டை ஏன்யா வெட்டுற?"

"போட்டுப் பார்த்துட்டுத்தான் வெட்டினேன்."

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார். காலையில் இருந்த கார்தான், முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாறியிருந்தது. "யார் தப்பு?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றார்கள் இருவரும்.

"ரெண்டு பேரையும் தரைக்கு அனுப்பிட்டா தோலு யார் போடறது? நானா?"

அப்போது வாசலில் ஹாரன் ஒலித்தது. ஆலை முதலாளி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். ஒட்டகநிற மேல்கோட்டு, பின்னால் ஓட்டுநர். காரின் இடப்பக்கம்தான் வாசலைப் பார்த்து நின்றது. அவர் கண் பின்பக்கத்துக்கு வருவதற்குள் எவாசியோ அங்கே போய் நின்று, வலது உள்ளங்கையைத் துடுப்புக்குக் கீழே வைத்தார். ராவாத விளிம்பு கையில் ஏறியது.

ஆலை முதலாளி மூக்கிலிருந்து வால் வரை மெதுவாக நடந்து வந்தார். சக்கரத்துக்கு மேலிருந்து துடுப்பு வரை ஒரே மூச்சில் போன அந்தத் தகட்டருகே வந்ததும் நின்றுவிட்டார். பிறகு கையை நீட்டித் தொடப்போனவர், எவாசியோவின் கையைப் பார்த்தார்.

"என்னப்பா, பிடிச்சுக்கிட்டே நிக்கிற?"

"விட்டா பறந்துரும்ங்க."

அவர் உரக்கச் சிரித்தார். கார் முழுவதும் அந்தச் சிரிப்பு அதிர்ந்தது. "இந்தப் பக்கம் அடிச்சது யாரு?" என்று கேட்டார்.

முதலாளியம்மா எவாசியோவைக் காட்டினார். வாலுக்கு அந்தப் புறமிருந்து தெல்ஃபினோவும், "அவன்தான்" என்றார்.

ஆலை முதலாளி கையுறையைக் கழற்றிவிட்டு வலது கையை நீட்டினார். எவாசியோ ஒரு நொடி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு காரிலிருந்து உள்ளங்கையை எடுக்காமல், இடது கையை நீட்டினார்.